நியூட்டனை மறுக்க வந்தோர்

உலகம் ஒப்பிய கருத்தொன்றைத் தனியொருவர் எழுந்து நின்று மறுக்கும்போது, கேட்போர் நெஞ்சம் பெரும்பாலும் அவர் பக்கமே சாய்கிறது. பட்டமும் பதவியும் அற்ற ஒருவர், பல்கலைக்கழக வாயிலை மிதியாத ஒருவர், நியூட்டனும் பிழைத்தார், ஐன்ஸ்டைனும் பிழைத்தார், மெய்ப்பொருள் என்னிடம் உள்ளது என்று கூறினால், எள்ளி நகைப்பவரினும் வியந்து கேட்பவரே நம்மிடையே மிகுதி. இச்சாய்வை இழிவென்று சொல்வதற்கில்லை. அதிகாரத்தின் முன் தலை வணங்காத ஏழை அறிவாளியைப் போற்றுவது நம் மரபில் ஊறிய பண்பு. ஆயினும் பண்பு வேறு, தீர்ப்பு வேறு. இரக்கம் கொண்டு ஒருவருக்கு உணவளிக்கலாம். இரக்கம் கொண்டு ஒருவரின் கணக்கைச் சரியென்று சொல்லலாகாது.

பௌதிகத்தின் அடிப்படைகளையே மாற்றி எழுதப் புகும் இத்தகையோரின் நூல்களும் துண்டு வெளியீடுகளும் உலகெங்கும் உள்ளன, தமிழிலும் உள்ளன. அவற்றுக்கென ஒரு நடையும், ஒரு முன்னுரை வழக்கமும், ஒரு முடிவுரை வழக்கமும் உண்டு. ஆதலின் அவற்றையும் ஓர் எழுத்து வகையாகவே கொண்டு திறனாய்வது தகும். அவ்வாறு திறனாய்ந்த பெருநூல் ஒன்று ஏற்கெனவே உளது. அதன் ஆசிரியர் நம் மதுரையிலே பிறந்தவர் என்பதைத் தமிழ் வாசகர் பலர் அறியார்.

மதுரையில் பிறந்த திறனாய்வாளர்

வேலூர்ப் புரட்சி நிகழ்ந்த 1806ஆம் ஆண்டிலேயே, அதற்குச் சில நாள்களுக்கு முன்னர், ஜூன் 27 அன்று மதுரையில் பிறந்தவர் அகஸ்டஸ் டி மார்கன். தந்தையார் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அலுவலர். குழந்தைப் பருவத்திலேயே ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். கைக்குழந்தையாக இங்கிலாந்து சேர்ந்தார். பின்னாளில் இலண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் கணிதப் பேராசிரியராய் விளங்கினார். நம் பிள்ளைகள் பள்ளியில் கணங்களைப் பயிலும்போது டி மார்கன் விதிகள் என்று மனப்பாடம் செய்கிறார்களே, அவ்விதிகளுக்குப் பெயர் தந்தவர் இவரே. வாசுதேவநல்லூரிலிருந்து மூன்று மணி நேரப் பேருந்துப் பயணத் தொலைவில் பிறந்தவரை நாம் அயலாராகவே கருதி வந்திருக்கிறோம்.

அவருடைய வீட்டு நூலகத்தில், உலகம் ஒப்பிய அறிவியலை மறுத்து எழுதப்பட்ட நூல்கள் ஏராளமாகச் சேர்ந்திருந்தன. வட்டத்தைச் சதுரமாக்கியோர், ஓயாது தானே சுழலும் எந்திரம் கண்டோர், நியூட்டனின் ஈர்ப்பு விதியைத் தகர்த்தோர், பூமி தட்டையெனச் சாதித்தோர் எனப் பலதிறத்தாரின் நூல்கள் அவை. தம் கைக்கு எட்டிய அந்நூல்களையே பொருளாகக் கொண்டு ‘அதீனியம்’ என்னும் இலண்டன் இதழில் தொடர்ந்து எழுதினார். அவர் 1871இல் மறைந்தபின், துணைவியார் சோபியா அவற்றைத் தொகுத்து 1872இல் ‘எ பட்ஜெட் ஆஃப் பாரடாக்ஸஸ்’ என வெளியிட்டார். முரண்கருத்து மூட்டை என்று நாம் அதனைத் தமிழாக்கலாம்.

முரண்கருத்து என்னும் சொல்லை அவர் இகழ்ச்சிப் பொருளில் ஆளவில்லை. பொதுக் கருத்தினின்று விலகி நிற்பது எதுவோ அதுவே முரண்கருத்து. அவ்வகையில் பூமி சுற்றுகிறது என்ற கொபர்னிக்கஸின் கூற்றும் ஒரு காலத்தில் முரண்கருத்தே. ஆகவே ஒருவர் உலகோடு முரண்படுகிறார் என்பது அவர்மேல் குற்றமாகாது. பின் எதைக் கொண்டு அவரை அளப்பது? டி மார்கன் தரும் அளவுகோல் மிக எளியது. ஒருவர் எதை நிலைநாட்டுகிறார் என்பதை நோக்க வேண்டா. தமக்கு முன்னர் அத்துறையில் உழைத்தோர் என்ன கண்டனர், எவ்வழியால் கண்டனர் என்பதைக் கற்றுணர்ந்த பின்னர் எழுதுகிறாரா என்பதை நோக்குக. கற்றபின் மறுப்பவர் ஆய்வாளர். கல்லாமல் மறுப்பவர் தம் அறியாமையையே புதுமை எனக் கொள்பவர். அவர் சொல்வது தற்செயலாய்ச் சரியாய் அமையினும் அதனால் பிறர் பெறும் பயன் யாதுமில்லை.

நூலில் மிகுதியான இடம்பெற்றவர்களுள் ஒருவர் லிவர்பூல் நகர வணிகர் ஜேம்ஸ் சுமித். வட்டத்தின் சுற்றளவு அதன் விட்டத்தைப்போல் மிகச் சரியாக இத்தனை மடங்கு என்று யாரும் முழு எண்ணில் அறுதியிட முடியாதிருக்க, அவர் அதனை 3.125 என்று முடித்துவிட்டார். கற்றறிந்தோர் மறுத்தும் அசையவில்லை. நூல் மேல் நூலாய் அச்சிட்டார். இவரை வெல்லப் பேராசிரியர் தேவையில்லை. ஒரு வட்டத்துக்குள் 24 சம பக்கங்கள் கொண்ட உருவை வரைந்து அதன் சுற்றளவைக் கணக்கிட்டால், விட்டத்தைப்போல் 3.132 மடங்குக்கு மேல் வரும். அவ்வுருவோ வட்டத்துக்குள் அடங்கியது. அதன் ஒவ்வொரு பக்கமும் ஒரு வில்லின் இரு முனைகளை இணைக்கும் குறுக்கு வழி. குறுக்கு வழியே 3.132 எனில் சுற்று வழி எவ்வாறு 3.125 ஆகும்? பள்ளி மாணவர் ஒரு மாலைப்பொழுதில் செய்து முடிக்கும் கணக்கு இது. சுமித் தவறியது அறிவுக் குறையால் அன்று. தம் முடிவை முதலிலேயே மெய்யெனக் கொண்டு, அதினின்று வாதத்தைத் தொடங்கினார். அவ்வாறு தொடங்கியவரை எந்த எண்ணும் வெல்லாது.

அதே கை, வேறு தீர்ப்பு

இந்நூலை மட்டும் படித்தவர், டி மார்கன் பல்கலைக்கழக மேடையில் அமர்ந்து எளியோரை ஏளனம் செய்தவர் என்று எண்ணக்கூடும். அவர் நகைச்சுவையில் சில இடங்களில் முள் உண்டு என்பதும் மெய்யே. ஆனால் அவர் வாழ்வின் மற்றொரு செயலையும் இதன் அருகில் வைத்துப் பார்த்தாலன்றி நூலின் நேர்மை விளங்காது.

தில்லிக் கல்லூரி, பழைய காஜியுத்தீன் மதரஸாவின் வழி வந்த கல்விக்கூடம். உருதுவின் வாயிலாகப் புதிய அறிவியலைக் கற்பித்த பெருமை அதற்குண்டு. அங்கே ஆசிரியராய் இருந்தவர் இராமச்சந்திரர். பேரளவு, சிற்றளவு காணும் கணக்குகளை நுண்கணிதத்தின் துணையின்றி இயற்கணிதத்தாலேயே தீர்க்கும் முறையை வகுத்து, 1850இல் கல்கத்தாவில் ஒரு நூலாய் வெளியிட்டார். கல்கத்தாவில் அதற்கு நல்வரவேற்பு இல்லை. நூலின் படியொன்று இலண்டனில் டி மார்கன் கைக்கு எட்டியது. பெயரறியாத நாட்டின் பெயரறியாத ஆசிரியர் என்று அவர் அதனை மூட்டைக்குள் எறியவில்லை. வரிவரியாய்ப் படித்தார், அதன் மதிப்பைக் கம்பெனி இயக்குநர்களுக்கு எடுத்துரைத்தார், 1859இல் தம் முன்னுரையுடன் இலண்டனிலேயே மறுபதிப்பு வெளிவரச் செய்தார்.

லிவர்பூல் வணிகர் அவருடைய நாட்டவர், செல்வர், செல்வாக்குடையவர். தில்லி ஆசிரியரோ ஆளப்பட்ட நாட்டின் குடிமகன். முன்னவரை மறுத்ததும் பின்னவரை ஏற்றதும் ஒரே அளவுகோல். இராமச்சந்திரர் தாம் எதனைத் தவிர்த்து எழுதுகிறாரோ அதனை நன்கு கற்றிருந்தார். ஒவ்வொரு படியையும் பிறர் சரிபார்க்கும்படி எழுதியிருந்தார். அகத்தார் புறத்தார் என்ற பாகுபாடு அங்கே தானே கரைந்து போயிற்று.

குறையொன்றும் கூற வேண்டும். இதே டி மார்கன், ஆவியுலகத்தாருடன் உரையாடுவதாகச் சொல்லப்பட்ட நிகழ்ச்சிகளைப் பற்றித் தம் துணைவியார் எழுதி 1863இல் வெளிவந்த நூலுக்கு முன்னுரை வரைந்தார். பிறர் மூட்டையை அவிழ்த்தவர், வீட்டில் நடந்தவற்றை அத்துணை இறுக்கமாய் எடை போடவில்லை. அளவுகோலை அறிந்திருப்பது வேறு. அன்புடையார் முன்னிலையில் அதனை எடுத்து நீட்டுவது வேறு. இப்பாடம் நமக்கும் உரியது.

மலையடிவாரத்து மூலிகை

இனி அந்த அளவுகோலை நம் ஊர்ப்பக்கம் கொண்டு வருவோம். வாசுதேவநல்லூரிலிருந்து மதுரைச் சாலையில் வடக்கே சென்று சிவகிரியைக் கடந்தால் இராசபாளையம். மேற்கே உடன் வருவது மலை. தெற்கே குற்றாலம் வரை அம்மலையில் மூலிகை மிகுதி என்பதும், மூலிகையால் ஆகாதது ஒன்றில்லை என்பதும் இவ்வட்டாரத்து மக்களின் பழைய நம்பிக்கை. அந்நம்பிக்கையின் நடுவேதான் இராசபாளையத்தை அடுத்த சிற்றூரைச் சேர்ந்த இராமர் பிள்ளை, 1996இல், நீரில் ஒரு மூலிகையை இட்டுக் காய்ச்சி எரிபொருள் ஆக்க முடியும் என்று அறிவித்தார். தில்லியில் அறிவியலாளர் முன்னிலையிலும் செய்து காட்டினார். ஏடுகள் முதற்பக்கத்தில் எழுதின. உயர் கல்வி பெறாத ஒரு கிராமத்து இளைஞர் உலகத்தை வென்றார் என்ற கதை, எழுதப்படும் முன்னரே நம் மனங்களில் எழுதி வைக்கப்பட்டிருந்தது; அவர் வந்து அதில் தம் பெயரை நிரப்பினார்.

அவர் பௌதிகக் கோட்பாடு எழுதியவரல்லர். எனினும் அவர் கூற்று மெய்யாயின், பொருள் அழியாமை, ஆற்றல் அழியாமை என்னும் இரு பெருவிதிகளும் ஒருங்கே வீழ்ந்தாக வேண்டும். ஏன் என்பதைக் கணக்காலேயே காண்போம். நீர் என்பது ஹைட்ரஜன் எரிந்து முடிந்தபின் எஞ்சிய பொருள். விறகுக்குச் சாம்பல் எவ்வாறோ, ஹைட்ரஜனுக்கு நீர் அவ்வாறு. 18 கிராம் நீரைப் பிரிக்க ஏறத்தாழ 286 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். பிரிந்தவை மீண்டும் கூடி எரியும்போது கிடைப்பதும் அதே 286தான். இலாபம் ஏதுமில்லை. இனிப் பெட்ரோலை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு லிட்டர் முக்கால் கிலோ அளவு எடையுள்ளது. அவ்வெடையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கார்பன். நீரிலோ கார்பன் அணுவளவும் இல்லை. அரைக் கிலோவுக்கு மேற்பட்ட கார்பன் ஒரு பிடி இலையிலிருந்து எவ்வாறு வரும்? இவ்வொரு வினாவை அன்று சந்தைக்கடைத் தராசைக் கையாளும் எவரும் கேட்டிருக்கலாம். கேட்கவேண்டியவர்கள் கைதட்டிக் கொண்டிருந்தனர்.

சென்னை ஐ.ஐ.டி.யில் கட்டுப்பாட்டுடன் நடந்த சோதனையில் அக்கூற்று நிலைபெறவில்லை. ஆயினும் கதை ஓயவில்லை. 1999, 2000ஆம் ஆண்டுகளில் ‘மூலிகை எரிபொருள்’ விற்பனைக்கே வந்தது. மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குத் தொடுத்தது. விற்கப்பட்டது டொலுவீன், நாப்தா முதலிய பெட்ரோலியப் பொருள்களின் கலவை என்பது அவ்வழக்கு. 2016இல் சென்னை நீதிமன்றம் அவரைக் குற்றவாளியெனத் தீர்ப்பளித்து மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

இதில் இராமர் பிள்ளையின் பங்கை நீதிமன்றம் கூறிவிட்டது. நம் பங்கை யார் கூறுவது? முதல் நாளிலேயே, தம்பி, கார்பன் எங்கிருந்து வந்தது என்று அன்போடும் உறுதியோடும் கேட்கும் நால்வர் அருகில் இருந்திருந்தால், இருபதாண்டுகள் அவருக்கும் வேறாக அமைந்திருக்கலாம். அவரை நம்பிப் பொருளை இழந்தவர்க்கும் வேறாக அமைந்திருக்கலாம். ஆராயாத பாராட்டு ஒருவருக்குச் செய்யும் தீங்கு, ஏளனம் செய்யும் தீங்கினும் சிறிதன்று.

பேரலைக்குப் பெயர் சூட்டியவர்

2019 ஜனவரியில் பஞ்சாபின் ஜலந்தரில் இந்திய அறிவியல் மாநாட்டின் 106ஆம் அமர்வு கூடியது. பள்ளிப் பிள்ளைகளும் அமர்ந்திருந்த அவையில், தமிழ்நாட்டைச் சேர்ந்த கண்ணன் ஜெகதளா கிருஷ்ணன் பேசினார். ஈர்ப்பு விசையை நியூட்டன் சரிவர உணரவில்லை, ஐன்ஸ்டைன் உலகைத் தவறான வழியில் நடத்தினார், தம் கோட்பாடு இரண்டையும் திருத்தும் என்பது அவர் பேச்சின் சாரம். தம் கோட்பாடு நிலைபெறும்போது ஈர்ப்பலைகளுக்குப் பிரதமரின் பெயரையும், ஈர்ப்பால் ஒளி வளையும் விளைவுக்கு அன்றைய அறிவியல் அமைச்சரின் பெயரையும் சூட்டப்போவதாகவும் கூறினார். அறிவியலாளர் பலர் கண்டித்தனர். மாநாட்டை நடத்திய சங்கமும் அக்கருத்துக்களினின்று தன்னை விலக்கிக் கொண்டது.

இலக்கியத் திறனாய்வாளர் கண்ணுக்கு இங்கே ஒன்று புலப்படுகிறது. புறத்தாரின் எழுத்து நம்மைக் கவர்வது, அது அதிகாரத்தை எதிர்க்கும் தனிக்குரல் என்பதால். ஆனால் இக்குரல் இறந்துபோன அறிஞரை எதிர்க்கிறது. இருக்கும் அதிகாரத்துக்கு மாலை சூட்டுகிறது. சமன்பாடு உறுதிப்படுமுன்னரே பெயர்சூட்டு விழா நடந்துவிடுகிறது. கலகக்காரரின் உடையில் வந்த அரசவைப் புகழ்பாடல் இது.

கோட்பாட்டின் நிலையோ இன்னும் கடினம். ஐன்ஸ்டைனை அகற்ற விரும்புவோர் அவர் பெயரை அகற்றினால் போதாது. அவர் கோட்பாடு செய்துவரும் வேலைகள் அனைத்தையும் செய்து காட்டல் வேண்டும். புதன் கோளின் பாதை நூற்றாண்டுக்கு 43 விகலை கூடுதலாய்த் திரும்புவதை அது விளக்குகிறது. 1919ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தில் விண்மீன் ஒளி வளைந்த அளவை அது முன்கூட்டியே சொன்னது. 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் லைகோ கருவிகள் பதிவு செய்த ஈர்ப்பலையின் வடிவம் அதன் கணக்கோடு பொருந்தியது. இவையெல்லாம் தொலைவில் உள்ளன என்போர்க்குக் கையருகேயே ஒரு சான்று. பயணத்தில் கிப்லாவின் திசை காணக் கைபேசியைத் திறக்கிறோம். அது நாம் நிற்குமிடத்தை அறிவது விண்ணில் சுற்றும் துணைக்கோள்களின் கடிகாரங்களைக் கொண்டு. அக்கடிகாரங்கள் தரையிலுள்ள கடிகாரங்களைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோ விநாடி விரைந்து ஓடும் என்பது ஐன்ஸ்டைன் கணக்கு. அதைத் திருத்தாமல் விட்டால், ஒரே நாளில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் அளவுக்குப் பிழை சேர்ந்துவிடும். வாசுதேவநல்லூரில் நிற்பவரைச் சிவகிரியில் நிற்பதாகக் காட்டும். புதுக் கோட்பாடு கொணர்பவர் அந்த 38ஐத் தம் கணக்கால் வருவித்துக் காட்டட்டும். அதன்பின் பெயர்சூட்டு விழாவுக்கு நாள் குறிக்கலாம்.

பிறர் மூட்டையை அவிழ்க்கும் நாம் நம் மூட்டையையும் அவிழ்த்துப் பார்ப்பதே நீதி. 1980களில் பாகிஸ்தானின் அணுப் பொறியாளர் சுல்தான் பஷீருத்தீன் மஹ்மூது, நெருப்பால் படைக்கப்பட்ட ஜின்களிடமிருந்து எரியாற்றல் பெறலாம் என்னும் கருத்தை முன்வைத்தார். அவர் துறைக்குப் புறத்தாருமல்லர். பயிற்சி பெற்ற பொறியாளர். அத்தகைய போக்கை அந்நாட்டுப் பௌதிக அறிஞர் பெர்வேஸ் ஹூத்பாய், 1991இல் வெளிவந்த இஸ்லாமும் அறிவியலும் பற்றிய தம் நூலில் வன்மையாகக் கடிந்துரைத்தார். மறையின் பெயரைத் தாங்கி வருவதாலேயே ஒரு பௌதிகக் கூற்றுக்கு அளவுகோல் தளர்ந்துவிடாது. தளர்த்துவோர் மறைக்கும் நன்மை செய்தாரல்லர், பௌதிகத்துக்கும் நன்மை செய்தாரல்லர்.

மறுத்தலின் மாண்பு

அவ்வாறாயின் முன்னோர் மொழிந்ததை மறுக்கவே கூடாதா? மறுத்தல் எங்ஙனம் மாண்புறும் என்பதற்கு நம் நாகரிக வரலாற்றிலேயே ஒளிவீசும் எடுத்துக்காட்டுகள் உள்ளன. பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு ஹைதம், பதினோராம் நூற்றாண்டில் ‘தாலமி மீதான ஐயங்கள்’ என்னும் நூலை இயற்றினார். ஆயிரமாண்டு அரியணையில் வீற்றிருந்த வானநூல் ஆசான் தாலமி. கோள்கள் வட்டத்தில் சீராக இயங்குகின்றன என்று கூறிவிட்டு, அச்சீர்மையை வட்டத்தின் மையத்தில் காட்டாமல் வேறொரு புள்ளியில் காட்டுகிறாரே, இது தம் கொள்கைக்கே மாறன்றோ என்று இப்னு ஹைதம் வினவினார். தாலமியின் நூலைத் தாலமியைவிட நுணுகிப் படித்தவர்க்கே அவ்வினா எழும். மெய்ம்மையைத் தேடுபவர் தாம் படிக்கும் நூலுக்கு எதிரியாய் நின்று படிக்கவேண்டும். அவ்வாறே தம்மையும் ஐயுற வேண்டும் என்பது அவர் அறிவுரை. இதன் முற்பாதியைக் கைக்கொள்வோர் பலர். பிற்பாதியைக் கைக்கொள்வோரே ஆய்வாளர்.

பதினான்காம் நூற்றாண்டில் திமிஷ்கு நகரின் உமய்யாப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணிக்கும் முவக்கித்தாகப் பணியாற்றியவர் இப்னு ஷாத்திர். தாலமியின் சந்திரக் கணக்கு, சந்திரன் வானில் எத்திசையில் நிற்கும் என்பதை நன்றாகவே சொல்லிற்று. ஆனால் அக்கணக்கின்படி சந்திரன் சில நாள்களில் நம்மை மிக நெருங்கி, ஏறத்தாழ இருமடங்கு அகலமாய்த் தோன்றவேண்டும். எந்த இரவிலும் எவரும் அவ்வாறு கண்டதில்லை. இப்னு ஷாத்திர், தாலமி சரியாய்ச் சொன்ன திசையைக் காத்து, தவறாய்ச் சொன்ன தொலைவைத் திருத்தும் புதிய அமைப்பை வகுத்தார். 1543இல் வெளிவந்த கொபர்னிக்கஸின் நூலில் உள்ள சந்திர அமைப்பும் கணித வகையில் அதுவே என்பதை 1957இல் விக்டர் ராபர்ட்ஸ் எடுத்துக்காட்டியபோது வரலாற்றறிஞர் வியந்தனர். பழையது எதில் வென்றதோ அதில் தானும் வென்று, பழையது எதில் தோற்றதோ அதிலும் வெல்வதே புதிய கோட்பாட்டின் கடமை. பள்ளிவாசலின் நேரக் கணிப்பாளர் அக்கடமையைச் செய்து காட்டினார்.

புறத்தார் தமக்குத் துணையாக எப்போதும் இருவரை அழைப்பர். ஒருவர் பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்து எழுத்தராய் இருந்த ஐன்ஸ்டைன். அவர் 1900இலேயே சூரிக் பாலிடெக்னிக்கில் பட்டயம் பெற்றவர். 1905ஆம் ஆண்டின் புகழ்பெற்ற கட்டுரைகளுக்கு முன்னரே, 1901 முதல், துறையின் முதன்மை இதழில் எழுதி வந்தவர். அவர் அமர்ந்த நாற்காலி புறத்தது. கற்ற கல்வி அகத்தது. மற்றவர் நம் இராமானுஜன். சென்னைத் துறைமுகக் கழகத்தில் ஆண்டுக்கு 20 பவுண்டு ஊதியம் பெற்ற எழுத்தர், 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜின் ஹார்டிக்கு மடல் எழுதினார். அம்மடலில் நூற்றுக்கு மேற்பட்ட தேற்றங்கள் இருந்தன. சில முன்பே அறியப்பட்டவை. சில முற்றிலும் புதியவை. பகா எண்களைப் பற்றியவற்றுள் சில பிழையானவை. பிழை சுட்டப்பட்டது, திருத்தம் ஏற்கப்பட்டது, உழைப்புத் தொடர்ந்தது. இராமானுஜனுக்கும் லிவர்பூல் வணிகருக்கும் உள்ள வேறுபாடு பிழையின்மை அன்று. பிழையை ஏற்கும் திறமே.

காவலரின் கடமை

இத்துணையும் கூறியபின், அறிவியல் கோட்டையின் காவலர் குறையையும் மறைத்தலாகாது. ஹார்டிக்கு முன்னர் இராமானுஜன் பிறர்க்கு எழுதிய மடல்கள் பயன் தரவில்லை. கல்கத்தா புறக்கணித்ததை இலண்டன் கண்டெடுக்க வேண்டியதாயிற்று. வரும் மடல்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பயனற்றவை என்பதால் நூறாவதையும் பிரிக்காமல் எறிவது எளிது; எளியது எல்லாம் நேரியதன்று.

ஆஸ்திரேலிய அறிவியல் எழுத்தாளர் மார்கரெட் வெர்த்தைம் 2011இல் வெளியிட்ட ‘பிசிக்ஸ் ஆன் த ஃப்ரிஞ்ச்’ என்னும் நூல் வேறொரு வழியைக் காட்டுகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நகர்வீட்டுக் குடியிருப்பு ஒன்றை நடத்திய ஜிம் கார்ட்டர், அணுக்கள் வளைய வடிவின என்று ஒரு முழுப் பௌதிகத்தையே தாமாகப் படைத்தார். குப்பைத் தொட்டியைக் கொண்டு புகை வளையம் எழுப்பிச் சோதித்தார். வெர்த்தைம் அவரை ஏளனம் செய்யவில்லை. உலகத்தைத் தன் கையால் புரிந்துகொள்ள விரும்பும் ஒரு மனிதனின் கலைப்படைப்பாக அதனை ஏந்திக் காட்டினார். அந்நூலின் கனிவு போற்றத்தக்கது. ஆயினும் அக்கனிவில் ஒரு விலகலும் உண்டு. ஒருவர் மெய்யென்று அளித்ததைக் கலையென்று பெற்றுக்கொள்வது, அவர் வினாவுக்கு விடை தராமல் அவர் கையெழுத்தைப் புகழ்வதை ஒக்கும். டி மார்கன் நகைத்தார். ஆனால் விடை தந்தார். நகையின்றி விடை தருதலே நாம் கொள்ளத்தக்க வழி.

இது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. வாசுதேவநல்லூரிலோ புளியங்குடியிலோ கடையநல்லூரிலோ, நாற்பது பக்க நோட்டில் ஈர்ப்பு விசைக்குப் புதுவிளக்கம் எழுதி வைத்திருக்கும் ஒரு பிள்ளை நம் வீட்டிலேயே இருக்கலாம். அப்பிள்ளையை ‘அடுத்த ஐன்ஸ்டைன்’ என்று உறவினர் நடுவே நிறுத்துவதும் பிழை. ‘படிக்கிற பாடத்தைப் படி’ என்று நோட்டைப் பிடுங்குவதும் பிழை. பெற்றோர் பௌதிகம் அறிந்திருக்க வேண்டுவதில்லை. மூன்று வினாக்களை மட்டும் கேட்டால் போதும். நீ மறுக்கும் நூலை முழுதும் படித்தாயா? பழைய கணக்கு எந்த எண்ணைத் தருகிறது, உன் கணக்கு எந்த எண்ணைத் தருகிறது? எது நிகழ்ந்தால் உன் கருத்துத் தவறென்று நீயே ஒப்புவாய்?

முதல் வினாவுக்கு விடையில்லையெனில் நூலை வாங்கித் தருக. இரண்டாவதற்கு விடையில்லையெனில் பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் பௌதிகம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரிடம் அழைத்துச் சென்று, கணக்கிடக் கற்பிக்குமாறு வேண்டுக. மூன்றாவது வினாவுக்கு விடை சொல்ல மறுத்தால், அங்கேதான் பெற்றோர் கவலை கொள்ளவேண்டும். அப்பிள்ளை மெய்ம்மையை விட்டுத் தன் பெயரைத் தேடத் தொடங்கிவிட்டது என்று பொருள். மூன்றுக்கும் தெளிவாக விடை கூறும் பிள்ளை எவ்வூரில் பிறந்தாலும், எந்நாற்காலியில் அமர்ந்தாலும், அப்பிள்ளையின் நோட்டை எவரேனும் ஒருவர் வரிவரியாய்ப் படித்தாக வேண்டும். அதுவரை அப்பக்கங்களை நனையாமல் காத்து வைப்பது வீட்டாரின் கடன்.